மீன் மறைந்தது

அந்தக் கூடையக் காலுக்கடியில தள்ளிட்டு உக்காரு தாயி. ஜன்னலோரம் மட்டும் கேக்காத, உள்ள உக்காந்தா எனக்குத் தல சுத்தும். நீ எங்க எறங்கணும்? கண்ணாஸ்பத்திரியா? அட, நானும் அங்கதான். உனக்கென்ன இந்த வயசுல கண்ணுல? மாமியாருக்கு மருந்து வாங்கவா. நல்ல மருமகதான். அப்ப நீ நிம்மதியா உக்காரு. கண்டக்டர்கிட்டக் கேக்க வேண்டாம், எட்டி எட்டி வெளிய பாக்கவும் வேண்டாம். முப்பது வருசமா நான் போய் வாற ரூட்டு இது. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். ஓடைப்பாலம், பருத்தி மில்லு, சந்தைப்பேட்டை, பெறகு கண்ணாஸ்பத்திரி. நான் எந்திரிக்கையில நீயும் எந்திரி, அம்புட்டுதான்.

இந்தா, இந்த போன்ல என்னமோ வந்துருக்கு, கொஞ்சம் பாத்துச் சொல்லேன். எங் கண்ணு குத்தமில்ல. பஸ்ஸு ஆடுது, வெளிச்சமும் பத்தல, எழுத்தையும் இப்பல்லாம் கடுகு மாதிரி போட்டுர்றானுக. சத்தமாப் படி. "டீச்சர், கண்ணாடி வாங்கியாச்சான்னு முப்பிடாதி கேக்குறா." பாத்தியா. எங்க ஹெட்மாஸ்டர் குருவையா சார் அனுப்பிருக்காரு. ரெண்டாப்பு படிக்கிற பிள்ள கேட்டுச்சாம், இவரு தபால்காரன் மாதிரி அத எனக்கு அனுப்புறாராம். ஆமா, நான் டீச்சர்தான். வள்ளிநாயகிபுரம் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்பும் ரெண்டாப்பும் எங்கிட்டதான். ஜெயக்கொடி டீச்சர்னா இந்தப் பக்கம் தெரியாத ஆளு கெடையாது. இந்த பஸ் டிரைவரே எங்கிட்டப் படிச்ச பயதான். கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டான், அம்புட்டு மரியாத.

கண்ணாடி யாருக்குன்னு கேக்குறியா? முப்பிடாதிக்காகத்தான். அவ போடுறதுக்கு இல்ல, நான் போடுறதுக்கு. ஆனா அவளுக்காக. சிரிக்காத, கதையக் கேட்டுட்டுச் சிரி. கோவில்பட்டி போய்ச் சேர நேரம் கெடக்குல்ல.

மொதல்ல எம் முறைய உனக்குச் சொல்லணும். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்குறதுன்னா மத்தவக என்ன செய்வாக? ஒவ்வொரு எழுத்தா போர்டுல எழுதிப் போட்டு, இது என்ன, இது என்னன்னு பிள்ளைய அழ வச்சுருவாக. எங்கிட்ட அந்தச் சோலியே கெடையாது. எல்லாம் ராகம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ராகம் போட்டு வச்சிருக்கேன். அணில் பாடத்துக்குக் கும்மி, கொக்குப் பாடத்துக்குத் தாலாட்டு. பிள்ளைக புஸ்தகத்த விரிச்சு, முதல் வரியில வெரல வைக்கணும். நான் பாடுவேன், பிள்ளைக பின்னாலயே பாடும். ஒரே ஒரு சட்டந்தான் நான் போட்டது. வெரல் போற எடத்துக்குத்தான் வாய் போகணும். இத தெனமும் காலையில சொல்லிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். ஒரு வாரத்துல மொத்த வகுப்பும் கடகடன்னு வாசிச்சுப்புடும்.

எம் பிள்ளைக வாசிக்கிறத நீ வந்து பாக்கணும். லோகித்துன்னு ஒரு பய, அவன் வெரல் வேகம் யாருக்கும் வராது. பாட்டுப் பாதியில இருக்கையிலயே வெரல் பக்கத்தோட அடிக்குப் போயிரும். போன வெரல் சும்மா கெடக்குமா? மீதிப் பாட்டுக்குப் படத்துல நிக்கிற கொக்கச் சுத்தி வரும். தன்யஸ்ரீன்னு ஒரு பிள்ள, புஸ்தகத்தத் தலைகீழா வச்சுக்கிட்டே வாசிப்பா, ஒரு எழுத்துத் தப்பாது. உன்னால முடியுமா? குருவையா சார் ஒருநா அதப் பாத்துட்டு, "டீச்சர், இந்தப் பிள்ள புஸ்தகத்தத் தலைகீழா வச்சிருக்கே"ன்னாரு. "எப்படி வச்சாலும் வாசிப்பா சார்"ன்னேன். மனுசன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டாரு.

நான் புஸ்தகத்தக் கையில எடுக்கறதே கெடையாது. எதுக்கு எடுக்கணும்? ஒண்ணாப்புல இருந்து ரெண்டாப்பு வரைக்கும் எல்லாம் இங்க இருக்கு, மண்டையில. கொக்குப் பாடம் சொல்லட்டா? "குளத்தில் மீன். மீன் துள்ளியது. கொக்கு வந்தது. மீன் மறைந்தது." அந்தக் கடைசி வரிய இழுத்து, கொரல இறக்கிப் பாடுவேன். "மறை... ந்... தது." ஒண்ணாப்புப் பிள்ளைக அந்த எடத்துல கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கும். அம்புட்டு உருக்கமா இருக்கும்.

வண்டி ஏறி எறங்குது பாரு, ஓடைப்பாலம் போயிருச்சு. என்னது, பாலத்தையே காணோமா? நீ அங்கிட்டுப் பாத்துருப்ப தாயி. இங்கிட்டு இருந்துருக்கும்.

சரி, முப்பிடாதிக்கு வாறேன். எங்க வகுப்புல பொம்பளப் பிள்ளைக பேரெல்லாம் தன்யஸ்ரீ, நித்யஸ்ரீ, யாகஸ்ரீன்னு இருக்கும். ஸ்ரீ ஒட்டாத பேரு இவ ஒருத்திக்குத்தான். அவ அம்மா வேலம்மா தீப்பெட்டி ஆபீசுல வேல பாக்குறா. பிள்ள பொறந்தா அம்மன் பேர வைக்கிறேன்னு நேந்துக்கிட்டாளாம். பேரு கெடக்கட்டும், பிள்ளையோட போக்கச் சொல்லுதேன் கேளு. நாங்க பாட்ட முடிச்சு ரெண்டாந்தடவ ஆரம்பிச்சிருப்போம், அவ முதல் வரியில வெரல வச்சு முக்கிக்கிட்டுக் கெடப்பா. ஒவ்வொரு எழுத்தா தொட்டு, தடவி, வாய்க்குள்ள முணுமுணுத்து. எல்லாரும் ரயிலு மாதிரி போவோம், இவ மட்டும் மாட்டு வண்டி. வீட்டுலயும் அப்படித்தானாம். அம்மா கொண்டு வாற தீப்பெட்டி லேபிள எல்லாம் தரையில பரப்பி வச்சு எழுத்து எழுத்தா தடவிக்கிட்டு இருக்குமாம்.

அதுகூடப் பரவால்லன்னு விட்டுருப்பேன். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்து புதுப் புஸ்தகம் குடுத்தாச்சு. கொக்குப் பாடம் நடத்துறேன். இவ எந்திரிச்சு, "டீச்சர், இதுல மீன் இல்ல டீச்சர்"ங்கா. "பாட்டுல வரும், பேசாம பாடு"ன்னேன். மறுநாளும், "டீச்சர், தேடிப் பாத்துட்டேன், மீன் இல்ல." முப்பது வருசமா அந்தக் கொளத்துல மீன் துள்ளுது தாயி. எத்தன பிள்ளைக வாசிச்சுட்டுப் போயிருக்கு. இன்னைக்கு பஸ்ஸு ஓட்டுறானே, அவன்கூட அந்த மீனப் பாத்தவந்தான். இவளுக்கு மட்டும் தெரியலயாம்.

எனக்குப் பாவமாப் போச்சு. வேலம்மாவக் கூப்பிட்டுச் சொன்னேன். "கோவிச்சுக்காதம்மா, உன் பிள்ளைக்குக் கண்ணுல என்னமோ கொறை இருக்கு. எழுத்த விட்டுவிட்டுத் தடவுது. எதுக்க இருக்குற மீன் தெரியலங்குது. கண்ணாஸ்பத்திரில போய்க் காட்டு." பாவம், அவ ஒரு நாள் வேலைய விட்டுட்டு, பிள்ளையத் தூக்கிட்டு இதே பஸ்ஸுல போனா. டாக்டரு எழுத்துப் போர்டக் காட்டி, லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, "இந்தப் பிள்ளைக்குக் கண்ணு கழுகுக் கண்ணு"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். எனக்கு நம்பிக்க வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு. கண்ணு நல்லாருந்தா அப்ப மீனு எங்க போச்சு? நீயே சொல்லு.

இதுக்கு நடுவுல வந்துச்சு பாரு அந்த மஞ்ச வேனு. டவுன் பக்கம் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் ஒண்ணு, அதோட வேன் எங்க ஊரு ஆலமரம் வரைக்கும் வர ஆரம்பிச்சுது. மொதல்ல ரெண்டு பிள்ள ஏறுச்சு. பெறகு சீனிப்பாண்டி வந்தான். லோகித்தோட அப்பன், டிராக்டர் வச்சிருக்கான், அவன் சொன்னா ஊருல நாலு பேரு கேப்பாக. "டீச்சர், எம் மகன் வீட்டுல பாட்டாப் பாடுறான். அது வாசிப்பா என்னன்னு எனக்குத் தெரியல. பள்ளிக்கூடத்துல எல்லாரையும் கூட்டுங்க. பிள்ளைக வாசிக்கிறத எங்க கண்ணால பாக்கணும். திருப்தியா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா பொங்கல் கழிச்சு மொத்தப் பிள்ளைகளும் வேனுதான்"னுட்டான்.

மொத்தப் பிள்ளைகளும் போயிட்டா எனக்கு அங்க என்ன வேல? ரிட்டயர் ஆகப் போற நேரத்துல கண்காணாத ஊருக்கு மாத்திருவாக. அதுகூடப் பெருசில்ல, பொட்டியக் கட்டிட்டுப் போயிருவேன். அந்த ரூமு இருக்குல்ல, அது சத்தம் இல்லாம இருந்தா எனக்குத் தாங்காது. எனக்குன்னு வீட்டுல பிள்ள கெடையாது தாயி. காலையில ஒம்பது மணிக்கு அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது விடியும். அந்த ஒரு வாரம் சோறு எறங்கல. பயமா இருந்துச்சு, மெய்யாவே பயமா இருந்துச்சு.

ஆனா வெளிய காட்டிக்கல. வாங்க எல்லாரும், வெள்ளிக்கிழம மத்தியானம் வாங்கன்னுட்டேன். குருவையா சாரு ஒரு படி மேல போய், எங்க வட்டாரத்துக் கல்வி அதிகாரியையும் கூப்பிட்டுட்டாரு. எனக்குச் சந்தோசந்தான். என்ன பாடம்? கொக்குப் பாடம். நல்லா எண்ணெ தேச்சுச் சீவி, பவுடர் போட்டு வாங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சு. ஒத்திக மேல ஒத்திக. எல்லாம் சரி, இந்த முப்பிடாதிய என்ன செய்ய? அன்னைக்கு மட்டும் லீவு போடச் சொல்லுவமான்னு நெனச்சேன். மனசு கேக்கல. கூப்பிட்டு மடியில உக்கார வச்சு, பதமாத்தான் சொன்னேன். "கண்ணு, நீ கடைசியில நில்லு. எல்லாரும் பாடையில நீ சும்மா வாய மட்டும் அசை." அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "வெரல எங்க வைக்கட்டும் டீச்சர்?"னுச்சு. எங்க வேணா வையின்னு சொன்னேன். "அப்ப வாய் எங்க போகும்?"ங்கா. கேள்வியப் பாரு. வாய்க்கு வாய் பேசுற பிள்ள.

இப்ப பருத்தி மில்லு வந்துருக்கணுமே. பஞ்சு வாட வரலயா? எனக்கு லேசா வருது.

வெள்ளிக்கிழம வந்துச்சு. பெத்தவுக எல்லாரும் வராண்டாவுல, ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம். வேலம்மாவும் அரைநாள் கேட்டுட்டு ஓடி வந்துருந்தா, கையில தீப்பெட்டி மருந்து வாடைகூடப் போகல. அதிகாரி நாற்காலியில. சின்ன வயசுதான், மீச இப்பத்தான் அடர்த்தி பிடிக்கிது. படிச்ச படிப்பெல்லாம் ஏட்டுச் சுரக்காதான், வகுப்புல நின்னுருக்க மாட்டாருன்னு பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

பிள்ளைக வரிசையா நின்னு புஸ்தகத்த விரிச்சுச்சுக. நான் கைய ஒசத்துனேன். பாரு, அன்னைக்குப் பாடுன மாதிரி என்னைக்கும் பாடுனதில்ல. "குளத்தில் மீன். மீன் துள்ளியது." எல்லா வெரலும் ஓடுது. லோகித்து வெரல் கொக்க ரெண்டு சுத்துச் சுத்திருச்சு. "மறை... ந்... தது"ன்னு முடிச்சப்ப, சீனிப்பாண்டி பொண்டாட்டி முந்தானையில கண்ணத் தொடைச்சா. ஆம்பளைக கை தட்டுனாக. நான் சீனிப்பாண்டி மூஞ்சியத்தான் பாத்தேன். தலைய ஆட்டுனான். எனக்கு உசுரு வந்துச்சு.

அதிகாரி சும்மா இருந்துருக்கலாம்ல? எந்திரிச்சு வந்து லோகித்து கையில இருந்த புஸ்தகத்த எட்டிப் பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறகு, "தம்பி, இந்தப் படத்துல மீன் எங்கப்பா இருக்கு?"ன்னாரு.

அந்தப் பய கொஞ்சங்கூட யோசிக்கல. "மறைஞ்சிருச்சு சார்"ன்னான்.

"எப்ப மறைஞ்சுது?"

"கொக்கு வந்ததும் சார். பாடத்துலயே இருக்கு சார்."

எல்லாரும் சிரிச்சாக. எனக்குப் பெருமை தாங்கல. பாடத்துல இருந்தே பதிலு, அதுவும் அதிகாரிக்கு. எந்த இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ள சொல்லும்? அதிகாரி மட்டும் சிரிக்கல. அந்தப் புஸ்தகத்த எங்கிட்ட நீட்டி, "டீச்சர், நீங்க ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்களேன்"ன்னாரு, ரொம்பப் பணிவாத்தான்.

எனக்கென்ன தயக்கம்? வாங்கினேன். கைய நல்லா நீட்டிப் பிடிச்சேன், எனக்கு எட்டப் பிடிச்சாத்தான் வாசிக்க வாகா இருக்கும். வெரல வச்சேன். கொரலத் தொண்டையில சரி பண்ணிக்கிட்டு, "குளத்தில் மீன்"னு ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் பாடிட்டேன். நல்லாத்தான் பாடினேன். ஆனா இந்தத் தடவ ஒருத்தரும் கை தட்டல. ஏன்னா நான் பாடிக்கிட்டு இருக்கையில சீனிப்பாண்டி எந்திரிச்சு வந்து எந் தோளுக்குப் பின்னால நின்னு புஸ்தகத்தப் பாத்துருக்கான். "டீச்சர், இதுல கொளமே வத்திக் கெடக்கே. வேற என்னமோல்ல எழுதிருக்கு"ன்னான்.

எப்படி இருக்கும் சொல்லு. புஸ்தகத்த எட்ட வச்சுப் பாக்குறேன், கிட்ட வச்சுப் பாக்குறேன், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே தவிர எழுத்து நிக்க மாட்டேங்குது. மழக் கருக்கலு வேற. சீனிப்பாண்டி திரும்பி ஊருக்காரகளப் பாத்தான். அவுக அவனப் பாத்தாக. வேனுக்காரனுக்கு போன் போட்ட மாதிரியே இருந்துச்சு எனக்கு. முடிஞ்சுது ஜெயக்கொடி உன் கதைன்னு நெனச்சேன்.

அப்பத்தான் வரிசையோட கடைசியில இருந்து இவ வாறா. யாரும் கூப்பிடல. வந்து எம் பக்கத்துல நின்னு, "டீச்சர், வெரல வைங்க"ன்னா.

எனக்கு ஒண்ணும் ஓடல. அவளா எஞ் சுட்டுவிரலப் பிடிச்சா. சின்னக் கை, அதுல வேப்பம்பழப் பிசுக்கு வேற. என் வெரல இழுத்து முதல் எழுத்துல வச்சு, ஒரு அழுத்து அழுத்தினா. "கு." பெறகு அடுத்த எழுத்து. "ள." நகத்துறா, நிறுத்துறா, நகத்துறா. "கு... ள... த்... தில். குளத்தில்." நிமிந்து எம் மூஞ்சியப் பாத்தா. நான் சொல்லணுமாம். ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. "குளத்தில்"னு சொன்னேன். அப்பத்தான் அடுத்த வார்த்தைக்குப் போறா.

குளத்தில் தண்ணீர் இல்லை. கொக்கு வந்தது. காத்து நின்றது. மழை வந்தது. இம்புட்டுதான் தாயி பாடம். இத வாசிக்க எம்புட்டு நேரம் ஆச்சுங்கிற? டீ போட்டுக் குடிச்சுரலாம். ஆனா ஒருத்தரும் எந்திரிக்கல. அந்த வெரல உதறிட்டு ஓடிரலாமான்னுதான் எனக்கு வந்துச்சு, அம்புட்டு அவமானம். அவ பிடிச்ச பிடிய விடல. "மழை"ங்கிற எடத்துக்கு வந்ததும் அவளுக்கே சந்தோசம் தாங்காம, என் வெரல வச்சு அந்த வார்த்தைய ரெண்டு தடவ தட்டுனா. "மழை வந்தது." கூட்டத்துல இருந்து ஒரு பெரியவரு, "வந்தாச் சரிதான்"னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாக. எனக்கு மட்டும் அழுக வந்துருச்சு. ஏன்னு கேக்காத, வந்துச்சு, அம்புட்டுதான்.

ஒண்ணு கேக்குறேன் தாயி. அட்டையில அதே மயிலு, அதே கலரு. உள்ள பாடத்த மாத்திட்டாக. மாத்துனா ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? முப்பது வருசமாச் சொல்லிக் குடுக்குறவகிட்ட, அம்மா, இந்த வருசம் கொளத்துல மீன் கெடையாதுன்னு ஒரு ஆளு சொல்லிருந்தா நான் வேற ராகம் போட்டுருக்க மாட்டேனா? ஒருத்தரும் சொல்லல. ஒருத்தருமே சொல்லல.

என்ன, முப்பிடாதி சொன்னாளா? அவ சின்னப் பிள்ள தாயி. பிள்ளைக ஆயிரம் சொல்லும்.

பெறகு என்னாச்சுன்னு கேளு. சீனிப்பாண்டி குத்தவச்சு உக்காந்து அவகிட்டக் கேட்டான், "உனக்கு யாரும்மா இப்படி வாசிக்கச் சொல்லிக் குடுத்தா?" தீப்பெட்டி லேபிள்னு சொல்லுவா, அம்மான்னு சொல்லுவா, சொல்லட்டும். அவ என்னத்தான் கையக் காட்டுனா. "டீச்சர்தான். வெரல் போற எடத்துக்குத்தான் வாய் போகணும்னு டீச்சர்தான் தெனமும் சொல்லுவாக."

கேட்டியா. எஞ் சட்டம். நான் போட்ட சட்டம். அதிகாரி என்னையப் பாத்தாரு, நான் குனிஞ்சுக்கிட்டேன். சீனிப்பாண்டி மகனக் கூப்பிட்டு, "நீ வையிடா வெரல"ன்னான். லோகித்து வச்சான், அவனுக்கு முதல் எழுத்தே வரல. முழிக்கிறான். அப்பன் மகன் வெரலையும் முப்பிடாதி வெரலையும் மாறி மாறிப் பாத்தான். பெறகு எந்திரிச்சு, "வேன்ல போற எங்கண்ணன் மகனும் இங்கிலீசுல இப்படித்தான் பாடுறான். வெரல வைக்கச் சொன்னா அவனும் முழிப்பான். பாட்டுக்கு எதுக்கு வேனு? இந்தப் பிள்ள மாதிரி எம் மகனும் வாசிக்கணும். சித்திரைக்குள்ள வாசிக்கட்டும், பெறகு பேசுவோம்"னான். இம்புட்டுதான் கெடச்சுது. சித்திர வரைக்கும் தவண. சித்திரையில பிள்ளைக வாசிக்கலன்னா வேனு ஆலமரத்தடியில நிக்கும்.

போகும்போது அந்த அதிகாரி எம் பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காம, "கண்ண ஒரு தடவ காட்டிருங்க டீச்சர்"ன்னாரு. எனக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல சார், வராண்டாவுல வெளிச்சம் பத்தலன்னேன். தம் முதுகு தனக்குத் தெரியாதும்பாக, அவரு கண்ணுல ஒரு கட்டி இருந்துச்சு, நான் அதச் சொன்னேனா?

அதுல இருந்து எம் பொழப்பக் கேளு. ராகம் போச்சு. கும்மி போச்சு, தாலாட்டுப் போச்சு. தெனமும் ஒவ்வொரு பிள்ளையா பக்கத்துல உக்கார வச்சு வெரலப் பிடிக்கணும். நாலு வரிக்குள்ள மணி அடிச்சுருது. "இது என்ன எழுத்து டீச்சர்? இது என்ன எழுத்து டீச்சர்?" காது புளிச்சுப்போச்சு. முப்பது வருசத்துல ஒரு பிள்ள எங்கிட்ட அப்படிக் கேட்டதில்ல, தெரியுமா? அம்புட்டு நல்லாப் பாடுனவுக. குருவையா சார் சொல்றாரு, "பிள்ளைக புஸ்தகத்தப் பாக்கல டீச்சர், உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சுக"ன்னு. பாக்காம? நான் பாடுற அழகு அப்படி.

ஒண்ணு மட்டும் சொல்லணும். போன வாரம் லோகித்து வெரல வச்சு, முக்கி முனகி, "ம... ழை"ன்னான். சொல்லிட்டு, தான் சொன்னத தானே கேட்டுட்டு, "டீச்சர், மழை! இதுதான் மழையா?"ன்னு கத்திக்கிட்டே வாசலுக்கு ஓடிட்டான். வெளிய வெயிலு காயுது. அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. வருசக்கணக்கா பிள்ளைக மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருக்கேன், இந்த மூஞ்சி எங்க இருந்துச்சுன்னு தெரியல. அன்னைக்கு ராத்திரி நான் நல்லாச் சாப்பிட்டேன்.

ஆனா ஒரு சங்கடம். பிள்ளைக கேக்குற எழுத்து எனக்கு நிக்கணும்ல? நான் ஒண்ணு சொல்றேன், பக்கத்துல இருந்து முப்பிடாதி, "அது இல்ல டீச்சர்"ங்கா. ஒருநா பொறுத்தா, ரெண்டுநா பொறுத்தா. நேத்து பள்ளிக்கூடம் விட்டதும் வந்து நின்னா. "டீச்சர், கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. வலிக்காது. நான் போயிருக்கேன். போர்டுல எழுத்துக் காட்டுவாக. தெரிஞ்சா சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். மனப்பாடமாச் சொல்லக் கூடாது."

எனக்குப் புத்தி சொல்றா, பாத்துக்க. சரின்னுட்டேன். பெரிய மனுசி சொல்லும்போது என்ன செய்ய? ஆனா நான் என்ன ஏமாளியா? நைசா, "போர்டுல என்ன எழுத்துடி இருந்துச்சு?"ன்னு கேட்டு வாங்கிட்டேன். ப, ட, ம, ய. அடுத்த வரி க, ர, ச, வ, ந. ராத்திரியே ஒரு ராகம் போட்டுட்டேன், கும்மி மெட்டு. பாடிக் காட்டவா? ஒரு முன்னேற்பாடுதான். டாக்டரு முன்னால போய் முழிக்கக் கூடாதுல்ல.

என்ன தாயி, ஏன் எந்திரிக்கிற? இன்னும் சந்தைப்பேட்டையே வரலயே. என்னது? கண்டக்டர் தம்பி, இங்க வா. கண்ணாஸ்பத்திரி இன்னும் வரல்லல்ல? தாண்டிப் போயிருச்சா? எப்படித் தாண்டும், பாலமே இப்பத்தான... பாலம் வேல நடக்குதா? வேற பாதையா? போன வாரத்துல இருந்தா? பாதைய மாத்துனா ஒரு வார்த்த சொல்ல வேண்டாமாய்யா? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நீ கூவுனியா? நான் இங்க பேசிக்கிட்டு இருக்கேன், எங் காதுல எப்படி விழும்?

கோவிச்சுக்காத தாயி, உன்னையும் கூட்டிக்கிட்டு வந்து வம்புல மாட்டிவிட்டுட்டேன். மருந்துக் கட அடைக்க மாட்டான், பயப்படாத. எறங்கித் திரும்பிப் போயிருவோம். இது எந்த எடம்? ஜன்னலுக்கு வெளிய ஒரு போர்டு தெரியுது பாரு, நல்லாப் பெரிய எழுத்தா. இத்தன நேரம் இங்கதான் உக்காந்திருக்கேன், நான் பாக்கவே இல்ல.

இல்ல, நீ சொல்லாத. சொல்லாத தாயி. வெரல இப்படிக் கம்பிக்கு நடுவுல நீட்டிக்கிறேன். இரு. பு. து. அடுத்தது... ரோ. ரோவா? ஆமா, ரோதான். டு. பு... து... ரோ... டு.

புதுரோடு.

வாறேன் தம்பி, விசில் அடிக்காத. அதுக்குக் கீழ பொடிசா இன்னொரு வரி இருக்கு, எனக்கு அது தெரியல. தாயி, அது என்ன எழுத்து?